பாந்தர் டாங்கி வழியில் நின்றுபோனது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: "ஜெர்மனியின் பாந்தர்தான் இரண்டாம் உலகப் போரின் சிறந்த நடுத்தர டாங்கி என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். பாதி வழியிலேயே பழுதாகி நின்றது என்றும் படிக்கிறேன். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? பேசாமல் ரஷ்யர்களின் டி-34ஐ அப்படியே காப்பியடித்திருந்தால் ஜெர்மனி பிழைத்திருக்குமா?" பார்க்க இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே ஒன்றுதான் இருக்கிறது. நல்ல பீரங்கி, நல்ல கவசம் எல்லாம் வாய்த்த ஒரு வண்டி ஓடுவதில் மட்டும் ஏன் தோற்றது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, வரலாற்று ஆய்வாளனும் இல்லை. கோவையில் கியர் வெட்டும் பட்டறையில் 34 வருடம் வேலை பார்த்தவன். பாந்தருக்கு வந்த பெரிய நோய் கியரில் வந்த நோய் என்பதால்தான் இருபது வருடமாக இந்த வண்டியைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். ஒருமுறை ஹனோவரில் நடந்த இயந்திரக் கண்காட்சிக்குப் போனபோது ஒரு நாளை ஒதுக்கி முன்ஸ்டர் டாங்கி அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தேன். அதனால் கியர், இரும்பு, பட்டறை ஆகியவை பற்றிய பகுதியை உறுதியாகச் சொல்வேன். போர்க்களத்தில் யார் யாரை எப்படி வென்றார்கள் என்ற பகுதியில் நான் படித்ததை மட்டுமே சொல்ல முடியும்.

கதை 1941இல் தொடங்குகிறது. ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் மண்ணுக்குள் நுழைந்தபோது அதன் கையில் இருந்த நடுத்தர டாங்கிகள் பான்சர் 3, பான்சர் 4 இரண்டும்தான். முன்னதில் 37 அல்லது 50 மில்லிமீட்டர் பீரங்கி. பின்னதில் குட்டைக் குழாய் கொண்ட 75 மில்லிமீட்டர் பீரங்கி. அக்டோபர் மாதம் ம்ட்சென்ஸ்க் ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மனியின் 4வது பான்சர் டிவிஷன், சோவியத் தளபதி கட்டுகோவின் 4வது டாங்கிப் படைப்பிரிவிடம் நன்றாக அடி வாங்கியது. டி-34இன் சாய்ந்த தகடுகளில் ஜெர்மன் குண்டுகள் வழுக்கிப் போயின. அதன் அகலமான சங்கிலிப் பட்டைகள் சேற்றில் ஓடின, ஜெர்மன் வண்டிகள் புதைந்தன. அந்த முனையில் தளபதியாக இருந்த குடேரியன், "வடிவமைப்பாளர்களை இங்கேயே அனுப்புங்கள், அவர்களே பார்க்கட்டும்" என்ற வகையில் கோரிக்கை வைத்தார். நவம்பரில் பொறியாளர்களும் தொழிற்சாலைக்காரர்களும் அடங்கிய குழு முன்னரங்குக்கு வந்து, கைவிடப்பட்ட டி-34களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

உங்கள் "காப்பியடித்திருந்தால்" என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. முன்னரங்கில் இருந்த அதிகாரிகள் பலர், இதையே அப்படியே செய்து கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். குடேரியன் தன் நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்லிவிட்டு, மறுத்ததற்குக் காரணம் வடிவமைப்பாளர்களின் கௌரவம் இல்லை, டி-34இன் அலுமினிய டீசல் எஞ்சினை வேண்டிய வேகத்தில் செய்ய முடியாது என்பதும் கலப்பு எஃகுக்கான மூலப்பொருள் தட்டுப்பாடும்தான் என்கிறார். அவர் தன் தரப்பை நல்ல வெளிச்சத்தில் காட்டப் பழகியவர்தான், என்றாலும் இந்த விஷயத்தில் அவர் சொல்வதை நான் நம்புகிறேன். ஜெர்மனியில் அலுமினியம் முதலில் விமானத்துக்குத்தான் போகும். அப்புறம், இன்னொரு நாட்டு வண்டியைக் காப்பியடிப்பது என்பது வரைபடத்தைக் காப்பியடிப்பது மட்டுமில்லை. அதற்கான வார்ப்பு அச்சுகள், வெட்டுக் கருவிகள், அளவுக் கேஜ்கள், திருகு மரைகளின் அளவு வரை எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவேண்டும். ஒரு சிறு பம்புக்கான கியரை மாதிரி பார்த்துச் செய்து கொடுக்கவே எங்கள் பட்டறையில் மூன்று மாதம் ஆன காலம் உண்டு.

ஆகவே புதிதாகவே செய்வது என்று முடிவானது. 30 டன் எடை வகுப்பில் ஒரு டாங்கி வேண்டும் என்று டெய்ம்லர்-பென்ஸ், எம்.ஏ.என். என்ற இரண்டு நிறுவனங்களிடம் சொன்னார்கள். டெய்ம்லர்-பென்ஸ் கொண்டுவந்த வடிவம் டி-34இன் தம்பி போலவே இருந்தது. டீசல் எஞ்சின், எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னால், பட்டையை இழுக்கும் சக்கரமும் பின்னால், பீரங்கியைத் தாங்கும் சுழல்மேடை முன்னால் தள்ளி. எம்.ஏ.என். கொண்டுவந்தது ஜெர்மன் பழக்கத்தில் வந்த வடிவம். பின்னால் மேபேக் பெட்ரோல் எஞ்சின், முன்னால் கியர்பாக்ஸ், நடுவில் சுழல்மேடை, கீழே முறுக்குக் கம்பிகளில் வண்டியைத் தாங்கும் டார்ஷன் பார் சஸ்பென்ஷன், ஒன்றோடு ஒன்று பின்னிய பெரிய சக்கரங்கள். ஹிட்லருக்கு முதலில் டெய்ம்லர்-பென்ஸ் வடிவம்தான் பிடித்திருந்தது, 200 வண்டிக்கு ஆர்டர்கூடப் போனது. ஆனால் ஆராய அமைத்த குழு 1942 மே மாதம் எம்.ஏ.என். பக்கம் சாய்ந்தது. ரைன்மெட்டால் நிறுவனம் செய்து வைத்திருந்த சுழல்மேடை எம்.ஏ.என். வண்டியில் அப்படியே உட்கார்ந்தது. டெய்ம்லர்-பென்ஸுக்கு வேறு சுழல்மேடை வரைய வேண்டியிருந்திருக்கும். அவசரத்தில் இருப்பவன் கையில் இருப்பதைத்தான் எடுப்பான். வருடக் கடைசிக்குள் உற்பத்தி தொடங்கவேண்டும் என்று கெடு வைத்தார்கள். 1943 ஜனவரியில் முதல் வண்டிகள் வெளியே வந்தன. பொறியாளர் குழு முன்னரங்கில் போய் டி-34ஐப் பார்த்ததிலிருந்து கணக்கிட்டால் பதினான்கு மாதம். முழுக்கப் புதிய டாங்கிக்கு இது மிகவும் குறைந்த காலம்.

பிரச்சினை இந்தப் பதினான்கு மாதத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. 30 டன் வகுப்பு என்று கேட்டார்கள், எம்.ஏ.என். வரைந்தது ஏறத்தாழ 35 டன். முன் தகட்டின் கனம் 60 மில்லிமீட்டர் என்று இருந்ததை 80 ஆக்கச் சொல்லி 1942 ஜூனில் ஹிட்லர் உத்தரவிட்டார். அதோடு மற்றவையும் சேர, ஓடத் தயாரான வண்டி 44 டன்னுக்கு வந்து நின்றது. கவசம் கூடியது, எடை கூடியது. ஆனால் அந்த எடையைத் தள்ளவேண்டிய கடைசி ஜோடி கியர், பழைய எடையை மனதில் வைத்து வரைந்ததாகவே இருந்தது.

அந்தக் கடைசி ஜோடி கியரைத்தான் ஃபைனல் டிரைவ் என்பார்கள். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக, திருப்பும் அமைப்பு வழியாக, கடைசியில் வண்டியின் மூக்கில் இரண்டு பக்கமும் இருக்கும், பட்டையை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்துக்குப் போகவேண்டும். அதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்துத் திருகுவிசையைப் பெருக்கும் கடைசி நிலை அது. வண்டியில் இருக்கும் எல்லாக் கியர்களிலும் அதிக விசையைத் தாங்குவது இந்தப் பற்கள்தான். எம்.ஏ.என். பொறியாளர்கள் முதலில் இங்கே பிளானட்டரி அமைப்பை வைக்க நினைத்தார்கள். நடுவில் ஒரு சூரியக் கியர், சுற்றிலும் மூன்று நான்கு கோள் கியர்கள், வெளியே உட்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம். விசை ஒரே பல்லில் விழாமல் பல இடங்களில் பிரிந்து விழும், அதனால் சின்ன இடத்தில் பெரிய பாரத்தைத் தாங்கும். கடைசியில் வண்டிக்குப் போனது அது இல்லை. சாதாரண நேர்ப்பல் ஸ்பர் கியரில் இரண்டு நிலைக் குறைப்பு. ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு பற்கள்தான் முழு வண்டியின் இழுவையையும் சுமக்கும்.

ஏன் மாற்றினார்கள்? பிளானட்டரிக்கு வேண்டிய உட்பல் வளையங்களை வெட்டப் போதுமான மெஷின் நாட்டில் இல்லை. இதை என் தொழிலில் இருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். வெளிப்பல் கியரை ஹாபிங் மெஷினில் மளமளவென்று வெட்டிவிடலாம். வளையத்தின் உட்பக்கம் பல் வெட்ட, ஹாப் என்ற அதன் சுழலும் வெட்டுக் கருவி உள்ளே போகாது. அதற்கு கியர் ஷேப்பர் வேண்டும், அது குத்திக் குத்தி வெட்டுவதால் மெதுவாகத்தான் போகும். மாதம் நூற்றுக்கணக்கான வண்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்று கணக்குப் போட்டால் எத்தனை ஷேப்பர் வேண்டும் என்று பாருங்கள். அதே மெஷினைக் கேட்டு விமான எஞ்சின்காரனும் வரிசையில் நிற்பான். வரைபட மேசையில் இருந்தவர்களுக்கு எது சரி என்று தெரிந்தே இருந்தது. பட்டறையில் இருந்த மெஷின்தான் வேறு முடிவை எடுத்தது. பாந்தரைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இதுதான்: அதன் நோய் பொறியாளர்களின் அறியாமையால் வந்தது இல்லை. எடை ஒரு மேசையில் தீர்மானமானது, கியர் இன்னொரு மேசையில் தீர்மானமானது, இரண்டையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட நேரம் யாரிடமும் இல்லை.

இப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஜல்லி கிரஷர் முதலாளி கன்வேயருக்கு கியர்பாக்ஸ் செய்யச் சொன்னார். நீளம், சுமை எல்லாம் எழுதிக் கொடுத்தார், நாங்களும் அதற்கு ஏற்றபடி செய்து கொடுத்தோம். அப்புறம் அவர் எங்களிடம் சொல்லாமலே பெல்ட்டை நீட்டி, மேலே தொட்டியையும் பெரிதாக்கிவிட்டார். ஆறு மாதம் கழித்து ஒரு சாக்குப்பையில் பினியனை, அதாவது ஜோடியில் சின்னக் கியரை, போட்டுக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். அடுத்தடுத்து மூன்று பல் அடியோடு போயிருந்தது. உடைந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால், பல்லின் வேர்ப்பக்கத்தில் ஆரம்பித்து, கடற்கரை மணலில் அலை வந்துபோன தடம் மாதிரி வரி வரியாகக் கோடுகள். கடைசியில் ஒரு சின்னப் பகுதி மட்டும் சொரசொரவென்று, சர்க்கரையை உடைத்த மாதிரி. ஒரே அடியில் உடைந்த பல் அப்படி இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் நடந்து, மிச்சமிருந்த இரும்பு தாங்க முடியாமல் ஒருநாள் ஒடிந்தால்தான் அப்படி வரும். பாந்தரின் ஃபைனல் டிரைவுக்கு நேர்ந்ததும் இதே வகை. அதோடு அங்கே குறிப்பிட்ட நல்ல எஃகு கிடைக்காமல் தரம் குறைந்த எஃகில் பல் வெட்டினார்கள். கியரைத் தாங்கும் கூடும் பாரத்தில் நெளிந்தது. கூடு நெளிந்தால் பல் முழு அகலத்துக்கும் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் கடிக்கும், ஓரத்தில் கடித்த பல் சீக்கிரம் போகும்.

இணையத்தில் எல்லோரும் எடுத்துப்போடும் "150 கிலோமீட்டர்" கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பிறகு பிரெஞ்சு ராணுவம் கைப்பற்றிய பாந்தர்களைச் சில வருடம் ஓட்டியது. அந்த அனுபவத்தை வைத்து 1947இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். ஃபைனல் டிரைவின் சராசரி ஆயுள் 150 கிலோமீட்டர் என்றும், 1944இல் பிரான்ஸின் நார்மண்டியில் கைவிடப்பட்டுக் கிடந்த பாந்தர்களில் பாதியில் அது உடைந்திருந்ததற்கான அடையாளம் இருந்தது என்றும் அதில் இருக்கிறது. அறிக்கை உண்மையானதுதான். ஆனால் அவர்கள் ஓட்டியது போரில் அடிபட்டு, பல வண்டிகளின் உதிரிகளைச் சேர்த்துக் கட்டிய வண்டிகள் என்பதை மறக்கக்கூடாது. இன்னொரு பக்கம் 1944 வசந்த காலத்தில் கிழக்கு முனையிலிருந்து வந்த ஜெர்மன் அறிக்கைகளில், கவனமான ஓட்டுநர் ஒருவரின் பாந்தர் 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் நல்ல நிலையில் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், 150 என்பதை எல்லாப் பாந்தருக்கும் பொதுவாக எடுத்துக்கொள்வது தவறு, பலவீனம் இருந்தது என்பது மட்டும் உறுதி என்பேன். அதே பிரெஞ்சு அறிக்கைகூட ஃபைனல் டிரைவைத்தான் வண்டியின் பலவீனமான இடம் என்று தனியாகச் சுட்டுகிறது.

எஞ்சின் கதை வேறு. முதல் 250 வண்டிகளில் 21 லிட்டர் மேபேக் எச்.எல்.210, அதன் பிறகு 23 லிட்டர் எச்.எல்.230. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 700 குதிரைசக்தி. வண்டி ஆற்றின் அடியில் மூழ்கியே கடக்கவேண்டும் என்ற எண்ணத்தில் எஞ்சின் அறையை நீர் புகாதபடி அடைத்துவிட்டார்கள். நீர் புகாத இடத்தில் காற்றும் புகாது. பெட்ரோல் கசிந்தால் ஆவி வெளியே போக வழியில்லை, சூடும் தேங்கும். தீப்பிடித்தது அதனால்தான். இது சரிசெய்யக் கூடிய கோளாறு, சரிசெய்தார்கள். 1943 நவம்பரில் எஞ்சின் சுற்றை 2,500க்குக் கட்டுப்படுத்தினார்கள். கொஞ்சம் சக்தி போனாலும் ஆயுள் கூடியது. எஞ்சினை இப்படி மெல்லத் தேற்ற முடிந்தது, ஃபைனல் டிரைவைக் கடைசி வரை முழுதாகத் தேற்ற முடியவில்லை. காரணம் எளிது: கியரைப் பெரிதாக்க வேண்டுமானால் அதன் கூட்டையும் பெரிதாக்கவேண்டும், கூடு பெரிதானால் வண்டியின் முன்பக்கத் தகடு வெட்டும் அளவே மாறும்.

இந்த நிலையில்தான் ரஷ்யாவின் குர்ஸ்க் பகுதியில் ஜெர்மனி நடத்திய பெரிய தாக்குதல் வந்தது. தாக்குதலை மே மாதத்திலிருந்து ஜூலைக்குத் தள்ளிப்போட்டதற்கு ஒரு முக்கியக் காரணமே பாந்தர் வரட்டும் என்ற காத்திருப்பு. 200 வண்டிகள் வந்தன. ரயிலிலிருந்து இறங்கிப் போர்முனைக்குப் போகும் வழியிலேயே இரண்டு எரிந்துபோயின. 1943 ஜூலை 5 அன்று சண்டை தொடங்கியது, கண்ணிவெடி வயலில் சிக்கி முதல் நாளே அடி விழுந்தது. ஜூலை 10 மாலை குடேரியனின் கணக்குப்படி முன்னணியில் ஓடும் நிலையில் இருந்தவை 10. முழுதாக இழந்தவை 25. பழுதுபார்க்கக் காத்திருந்தவை 100, அதில் 56 குண்டாலும் கண்ணிவெடியாலும் சேதமானவை, 44 இயந்திரக் கோளாறால் நின்றவை. சுமார் 40 சரிசெய்யப்பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன, இன்னும் 25 இழுத்துவரப்படாமல் கிடந்தன. இந்தக் கணக்கை நான் முழுதாகச் சொல்வதற்குக் காரணம், "200இல் 10தான் மிச்சம்" என்று பாதியை மட்டும் எடுத்து எழுதுபவர்கள் அதிகம். மறுநாள் மாலை ஓடும் நிலையில் இருந்தவை 38. இயந்திரக் கோளாறு பெரியதுதான், ஆனால் கண்ணிவெடியும் எதிரிக் குண்டும் அதைவிட அதிகம் நிறுத்தின.

சரி, "சிறந்த டாங்கி" என்ற புகழ் எங்கிருந்து வந்தது? அதுவும் பொய் இல்லை. பாந்தரின் 75 மில்லிமீட்டர் பீரங்கியின் குழாய் நீளம் அதன் வாய் அளவைப் போல 70 மடங்கு, அதாவது ஐந்தேகால் மீட்டர். கவசத்தைத் துளைக்கும் குண்டு நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் வேகத்தில் புறப்படும். 80 மில்லிமீட்டர் முன் தகடு நன்றாகச் சாய்ந்து நின்றதால் கிடைமட்டத்தில் வரும் குண்டுக்கு அது 140 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம். நேருக்கு நேர் நின்றால் அமெரிக்க ஷெர்மன் டாங்கிக்கும் பழைய டி-34க்கும் இதைத் துளைப்பது மிகக் கடினம். பக்கத் தகடு வேறு விஷயம், அது 40 முதல் 50 மில்லிமீட்டர்தான். ஆகப் பாந்தர் எதிரியை முகம் பார்த்து நின்றால் புலி, பக்கம் காட்டினால் சாதாரண வண்டி. முன்ஸ்டரில் நான் அதன் மூக்குக்கு நேராக நின்று பார்த்தபோது, அந்தச் சாய்ந்த தகடும் மேலே நீண்டு போகும் குழாயும் சேர்ந்து மூச்சை அடைக்கச் செய்தன. அப்புறம் குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு, ஒவ்வொன்றிலும் இரட்டைச் சக்கரம், விரல்களைக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று. இதனால் கரடுமுரடான நிலத்தில் படகு போல மிதந்து போகும். ஆனால் உள்வரிசைச் சக்கரம் ஒன்றின் ரப்பர் போனால், அதைக் கழற்ற வெளிவரிசையில் பக்கத்தில் இருப்பவற்றையும் கழற்றவேண்டும். ரஷ்யக் குளிரில் இடுக்குகளில் அடைந்த சேறு ராத்திரியில் உறைந்து, காலையில் சக்கரமே சுற்றாது. கியர்பாக்ஸ் போனால் அதை ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் கூரைத் தகட்டைக் கழற்றி, கிரேன் வைத்து மேலே தூக்கவேண்டும். வயலுக்கு நடுவில் கிரேன் எங்கே இருக்கும்?

உற்பத்திப் பக்கம் வருகிறேன். பாந்தர் மூன்று வகையாக வந்தது, எழுத்து வரிசை குழப்பமானது: முதலில் டி, அடுத்து ஏ, கடைசியில் ஜி. டி வகை 842, ஏ வகை ஏறத்தாழ 2,200, ஜி வகை ஏறத்தாழ 2,950. மொத்தம் 6,000 சொச்சம். நியூரம்பர்க்கில் எம்.ஏ.என்., பெர்லினில் டெய்ம்லர்-பென்ஸ், ஹனோவரில் எம்.என்.ஹெச். மூன்றும் முக்கியம். காசலில் ஹென்ஷல் கொஞ்சம் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டது. தொடக்கத்தில் மாதம் 250 என்று வைத்த இலக்கை 1943 ஜனவரியில் 600 ஆக உயர்த்தினார்கள். எந்த மாதமும் அதைத் தொடவில்லை. உச்சம் 1944 ஜூலையில் 380. விலை பெரிய தடையாக இருக்கவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பீரங்கி, ரேடியோ இல்லாமல் ஒரு பாந்தர் 117,100 மார்க், பான்சர் 4 103,462 மார்க், கனரக டாங்கியான டைகர் இரண்டரை லட்சம். பத்தில் ஒரு பங்கு கொஞ்சம் கூடக் கொடுத்தால் பாந்தர் கிடைக்கும். தட்டுப்பாடு பணத்தில் இல்லை, பாகங்களில். 1944 ஏப்ரல் கடைசியில் பிரித்தானிய விமானங்கள் ஃபிரிட்ரிக்ஸ்ஹாஃபெனைத் தாக்கியபோது மேபேக் எஞ்சின் உற்பத்தி அங்கே நின்றது. கெம்னிட்ஸுக்குப் பக்கத்தில் சீக்மாரில் இருந்த ஆட்டோ யூனியன் ஆலை கைகொடுத்தது. செப்டம்பரில் அதன் மேலும் குண்டு விழுந்தது, அதே வாரத்தில் எம்.ஏ.என். ஆலை மேலும். அதோடு, அதிகாரிகள் எண்ணியது முழு வண்டிகளை மட்டும்தான். உதிரிப் பாகம் செய்தால் மாதக் கணக்கில் ஒரு டாங்கி குறையும், அதனால் உதிரிகள் எப்போதும் கடைசி வரிசையில். உடையும் கியர் உள்ள வண்டிக்கு உதிரி கியர் இல்லை என்றால் அந்த வண்டி பாதி வண்டிதான்.

இந்த எண்களைப் பேசும்போது யார் கைகளால் இவை செய்யப்பட்டன என்பதையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சீக்மார் ஆலை அடிபட்ட பிறகு எச்.எல்.230 எஞ்சின் உற்பத்தியை இன்றைய செக் குடியரசில் இருக்கும் லிட்டோமெர்ஷிட்சே ஊரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள். ஜெர்மன் மொழியில் லைட்மெரிட்ஸ். ஃப்ளோசன்பூர்க் வதைமுகாமின் கிளையாக அங்கே ஒரு முகாம் அமைத்து, சுமார் 18,000 கைதிகளைச் சுரங்கத்தில் வேலை வாங்கினார்கள். ஏறத்தாழ 4,500 பேர் இறந்தார்கள். லின்ஸில் டாங்கித் தகடு செய்த ஆலையிலும் மௌத்தௌசன் முகாமின் கைதிகள் இருந்தார்கள். ஒரு பட்டறையில் எண்ணெய் வாசனைக்கு நடுவில் என் வாழ்நாளைக் கழித்தவன் நான். அதே வாசனைக்கு நடுவில் பட்டினியால் செத்தவர்களை நினைக்காமல் "ஜெர்மன் பொறியியல்" என்று வியக்க என்னால் முடியவில்லை.

இப்போது உறுதியில்லாதவை. "ஒரு பாந்தரை வீழ்த்த ஐந்து ஷெர்மன் வேண்டும்" என்ற பேச்சுக்கு எந்தக் களக் கணக்கும் ஆதாரமாக இல்லை. அமெரிக்கர்கள் ஐந்து ஐந்தாகவே டாங்கிகளை அனுப்பும் வழக்கம் இருந்தது, அவர்களின் பிளாட்டூன் எனும் சிறு படைக்குழுவின் அளவு அது. பாந்தர் செய்ய இத்தனை மனித மணி, டி-34 செய்ய இத்தனை மனித மணி என்று போடும் ஒப்பீடுகளிலும் நான் நம்பிக்கை வைப்பதில்லை. ஒருவர் கோத்து முடிப்பதை மட்டும் எண்ணுவார், இன்னொருவர் எஃகு உருக்குவதிலிருந்து எண்ணுவார். கைதிகள் வேண்டுமென்றே கெடுத்து வைத்ததால்தான் பாந்தர் பழுதானது என்ற கதையும் உண்டு. அங்கங்கே நடந்திருக்கலாம், ஆனால் ஃபைனல் டிரைவ் உடைந்ததை விளக்க அது தேவையில்லை. முதல் குர்ஸ்க் வண்டிகளிலேயே அந்த நோய் இருந்தது. கடைசிக் காலக் கவசத் தகட்டின் தரம் ஒரே சீராக இல்லை என்பதை மட்டும் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 1944 கோடையில் அமெரிக்கர்கள் நார்மண்டியில் இசீன்யி என்ற இடத்தில் கைப்பற்றிய பாந்தர்களைச் சுட்டுப் பார்த்தபோது, ஒரு வண்டியின் தகடு தாங்கியது, இன்னொன்றின் தகடு வெடித்தது. எஃகை உறுதியாக்கச் சேர்க்கும் மாலிப்டினம் என்ற உலோகத்தின் தட்டுப்பாடு இதில் ஒரு பங்கு வகித்திருக்கும்.

கடைசியாக, காப்பியடித்திருந்தால் பிழைத்திருக்குமா? இல்லை என்றே நினைக்கிறேன். டி-34இன் பலம் அதன் வடிவத்தில் மட்டும் இல்லை. உரால் மலைக்கு அப்பால் நிஷ்னி தகீலிலும் செல்யாபின்ஸ்கிலும் குண்டு எட்டாத தூரத்தில் இருந்த பெரிய ஆலைகளில் இருந்தது. போர்க்காலத்தில் சோவியத் யூனியன் ஐம்பதாயிரத்துக்கு மேல் டி-34 செய்தது. அதே வடிவத்தை ஜெர்மனி செய்திருந்தாலும் அதே எஃகு, அதே ஆட்கள், அதே குண்டுவீச்சுதான். எரிபொருள் இன்னும் பெரிய விஷயம். 1944 மே மாதம் முதல் லொய்னா போன்ற செயற்கை எரிபொருள் ஆலைகள் மேல் தாக்குதல் தொடங்கியபின், ஓட்டுநர் பயிற்சிக்கே எரிபொருள் கிடைக்கவில்லை. விறகு எரித்து வரும் வாயுவில் ஓடும் பழைய லேசான டாங்கிகளில் பழகினார்கள். அப்படிப் பழகிய பையனை 45 டன் பாந்தரில் உட்காரவைத்தால், சேற்றில் மாட்டியதும் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே திருப்புவான், அவசரத்தில் கீழ்கியருக்கு இழுப்பான். அந்த ஒவ்வொரு உதறலும் நேராகப் போய் விழுவது ஃபைனல் டிரைவின் பல்லில். 1,800 கிலோமீட்டர் ஓட்டியவரும் 150 கிலோமீட்டரில் நின்றவரும் ஓட்டியது ஒரே வரைபடத்தில் வந்த வண்டியைத்தான்.

எப்போதாவது நேரில் பார்க்க வாய்ப்பு வந்தால், இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாந்தரைப் பாருங்கள். போர் முடிந்தபிறகு பிரித்தானியப் பொறியாளர்கள் ஹனோவர் ஆலையில் மிச்சம் கிடந்த பாகங்களை வைத்து, அங்கே வேலை செய்த ஆட்களைக் கொண்டே கட்டிய ஒன்பது பாந்தர்களில் ஒன்று அது. எல்லோரும் பீரங்கிக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் ஓரமாகப் போய், முன்னால் பல் வைத்த அந்த ஸ்ப்ராக்கெட் சக்கரத்துக்குப் பின்னால், உடம்போடு போல்ட் போட்டு இறுக்கிய அந்தக் கூட்டைப் பாருங்கள். 44 டன் வண்டிக்கு அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.